ஞானம்மா கொடுத்த ஞானஸ்நானம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறியது. ஈப்போவிலிருந்து பாதிரியார் வந்தார், ஆட்டுக்கறி வெந்தது, தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஜனமே திரண்டது. ஆனால் அதற்கு முன் ஆறு வாரம் எஸ்டேட்டே இரண்டாகப் பிரிந்து கிடந்தது!

யாரால்? என்னால்தான்.

சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் மச்சான் பால் மரம் வெட்டுகிறார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார். நான் தங்கையைப் பார்க்கப் போயிருந்த இடத்தில், அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். மூச்சு நூல் மாதிரி ஓடியது. மழையில் பாலம் முங்கிவிட்டது... பாதிரியாரை எப்படிக் கூட்டி வருவது?

தங்கை என் கையைப் பிடித்தாள். "அண்ணே, நீங்கதானே கோயில்ல வேதம் வாசிக்கிறீங்க. பிள்ளை போறதுக்குள்ள ஞானஸ்நானம் குடுத்துருங்கண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் குருப்பட்டம் வாங்கலையேம்மா. எனக்கு அதிகாரம் இல்லை."

குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது — நான் சட்டம் பேசுகிறேன்!

பிரசவம் பார்த்த ஞானம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் பால் மரம் வெட்டுகிறவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது.

"தள்ளுங்க தம்பி."

ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கழுவித் தண்ணீர் எடுத்தார். சாமுவேல் என்று பெயர் சொல்லி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று தடவை நெற்றியில் ஊற்றினார். பிறகு குழந்தையை மடியில் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பையன் கத்தினான் பாருங்கள்... அப்படி ஒரு கத்தல்!

பிள்ளை பிழைத்தான். சண்டை பிறந்தது.

"பட்டம் வாங்காத கை ஊத்துனா, அது வெறும் குளிப்பாட்டுதான்லா. மறுபடி குடுக்கணும்" என்றார் எஸ்டேட் கணக்குப் பிள்ளையான கிராணியார்.

"விசுவாசிங்க எல்லாருமே ஆசாரியருங்கதான்னு வேதத்துலயே இருக்கு. என்னாத்துக்கு மறுபடி?" என்றார் மச்சான்.

நடுவில் ஞானம்மாதான் ஒடுங்கிப்போனார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பயந்து, ஞாயிறு ஆராதனைக்குக்கூட வரவில்லையாம். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அதனால் போன ஞாயிறு நானே போய் அவரைக் கூட்டி வந்தேன். பாதிரியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"எதை ஊத்துனீங்க?"

"தண்ணிதாங்கய்யா."

"என்ன சொல்லி?"

அன்று சொன்னதை ஞானம்மா அப்படியே சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை.

"அப்புறம் என்ன? பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு. ஆண்டவர் ஒரு தடவை குடுத்ததை நான் எப்படித் திரும்பக் குடுக்கிறது?"

கிராணியார் விடவில்லை. "அப்ப குருப்பட்டம் எதுக்குங்கய்யா?"

"சபையைப் பார்த்துக்க ஆள் வேணாமா? ஆனா உயிர் போற நேரத்துல, என் வண்டி வரட்டும்னு ஆண்டவர் காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு!"

சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுதினார். அதை ஞானம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவர் யார் என்கிறீர்கள்? கிராணியாரேதான்! "ஞானஸ்நானம் கொடுத்தவர், ஞானம்மா. தொழில், பால் மரம் வெட்டுதல்."

ஞானம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகையா, சிரிப்பா... இரண்டும்தான். மச்சான் கீர்த்தனையை எடுத்துவிட, கிராணியார் தாளம் போட்டார்.

பந்தியில் நிறைமாதமாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகக் கேட்டாள். "அக்கா, எம் பிள்ளைக்கும் நீங்களே ஊத்திருங்க!"

ஞானம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார். "ஏன், ஐயாவுக்குக் கையில சுளுக்கா?"