வெர்லீனின் குடைத் தூண்டில்

ஹார்க்கர்ஸ் பெண்ட் என்ற ஊரில் வெர்லீன் டிட்மோரைத் தெரியாதவர்கள் இல்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் அவள்தான். அதற்கு முன்பு காலுறை ஆலையில் வேலை பார்த்தாள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அந்த மூலையில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அவளுடைய ஆலைக்கும் பூட்டு விழுந்தபோது, மற்ற பெண்கள் வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள். வெர்லீனும் கொஞ்சம் அழுதுவிட்டு, அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு போய்க் கனரக வண்டி ஓட்டும் உரிமத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

மீன்பிடிப்பு அவளுக்குப் பிந்தித்தான் வந்தது. கணவன் ஹோலிஸ் ஏ.சி. மெக்கானிக். சனிக்கிழமை விடிந்தால் படகை வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான். மகள் லடோனா கல்யாணமாகி மொபீல் நகரத்துக்குப் போன பிறகு, சனிக்கிழமைகளில் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் ஹோலிஸ் காபிக் குடுவையோடு வெளியே வந்தபோது, வெர்லீன் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னும் வாசலிலேயே நிற்கிற படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நீ போற எடத்துக்குத்தான்."

"அங்க குளிரும் வெர்லீ."

"கோட்டு போட்டிருக்கேன்ல."

"பேசினா மீனெல்லாம் ஓடிடும்."

"வீட்ல நீ டிவி பாக்கறப்ப வாயத் தொறக்காம இருக்கேன். ஏரியில இருக்க மாட்டேனா?"

ஹோலிஸ் வண்டியைக் கிளப்பினான். போனார்கள். அன்றைக்கு அவள் வாயே மூடவில்லை; ஆனாலும் பாஸ் மீன் கடித்தது. அன்றிலிருந்து அது இருவரின் படகாயிற்று.

ஹோலிஸ் ஒற்றைத் தூண்டில்காரன். ஊதா நிற ரப்பர்ப் புழு ஒன்றைக் கொக்கியில் கோத்து, தரையோடு தரையாக இழுத்து இழுத்து விடுவான். அதற்கு மேல் எதுவும் அவனுக்கு வித்தையே அல்ல. அப்படிப்பட்டவனின் படகுக்குள் ஒரு குளிர்காலத்தில் வெர்லீன் குடைத் தூண்டிலைக் கொண்டுவந்தாள்.

அந்த வருஷம்தான் அது ஏரி முழுவதும் பரவியது. துணி கிழிந்துபோன சின்னக் குடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலை, அதிலிருந்து விரியும் ஐந்து கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் வாலாட்டும் ஒரு ரப்பர் மீன், அதன் முதுகில் ஒரு கொக்கி. தண்ணீருக்குள் இழுத்தால் குஞ்சுமீன் கூட்டம் ஒன்று நீந்திப் போகிற மாதிரியே இருக்கும். குளிரில் சோம்பிக் கிடக்கிற பாஸ் மீன்கூடக் கூட்டத்தைக் கண்டால் சும்மா இருக்காது.

ஹோலிஸ் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். "இது தூண்டிலா, சர்ச்சு கூரையில தொங்கற சரவிளக்கா?"

"உனக்கென்ன, நீ உன் புழுவக் கட்டிக்கிட்டு அழு."

ஊரில் இருந்த பாஸ் மீன்பிடிப்போர் சங்கம் இந்த விஷயத்தில் இரண்டாகப் பிளந்தது. டிசம்பர் கூட்டத்தில் ஹோலிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். "ஒரு ஆளு, ஒரு கோலு, ஒரு தூண்டிலு. எங்கப்பா அப்பிடித்தான் புடிச்சாரு. மீனுக்கும் ஒரு நியாயம் வேணாமா? கூட்டமா போய் அடிக்கறதுக்குப் பேரு மீன்புடிப்பா?" பாதிப் பேர் மேசையைத் தட்டினார்கள். கடைசி வரிசையில் பெக்கான் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெர்லீன், எதிர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்து கூச்சல் போட்டாள். குடையைத் தடை செய்வதா வேண்டாமா என்று மார்ச்சில் வாக்கெடுப்பு என்றார் சங்கத் தலைவர் ராய்ஸ் கில்பிரெத். டயர் கடைக்காரர்; யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். அதுவரை அவரவர் இஷ்டம்.

இடையில் பிப்ரவரியில் தம்பதிகள் போட்டி வந்தது.

அன்று காலை தண்ணீருக்கு மேல் பனிமூட்டம் புகை மாதிரி எழுந்துகொண்டிருந்தது. கோலின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்தது. ஹோலிஸ் அதை வாயில் வைத்து ஊதி ஊதி உருக்கினான். ரயில் பாலத்தின் தூண்களுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். அவன் முன்பக்கம் நின்று புழுவை இழுத்தான். அவள் பின்பக்கம் நின்று, கைத்தடி மாதிரித் தடித்த கோலை இரண்டு கையாலும் பிடித்து, குடையைத் தூக்கி எறிந்தாள். சோற்றுப் பானையைத் தூக்கிப் போட்ட மாதிரிச் சத்தம் வந்தது. அது ஆழத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, தூண்டில் நரம்பை மெதுவாகச் சுற்றி இழுத்தாள்.

புழுவை எதுவும் சீண்டவில்லை. குடையில் முதலில் நல்ல மீன் ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கோல் இன்னும் பலமாக வளைந்தது.

"ஹோலிஸ்! வலைய எடு! இது ஒண்ணு இல்ல, ரெண்டு!"

"ரெண்டா? சும்மா சொல்லாத."

"வந்து பாருய்யா!"

இரண்டுதான். ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு மேலே வந்தன. ஹோலிஸ் வலையை அடியில் கொடுத்துத் தூக்கினான். மீன் சிக்காத மூன்று கொக்கிகளும் சும்மா இருக்குமா? ஒன்று வலைக் கண்ணியில் மாட்டியது, ஒன்று அவன் கையுறையில், மற்றொன்று கோட்டுக் கையில். மீன்களும் வலையும் ஹோலிஸும் ஒரே மூட்டையாகப் படகுக்குள் உருண்டார்கள்.

"அசையாத! அசையாத!" என்று கத்திக்கொண்டே வெர்லீன் குறடைத் தேடினாள்.

"நான் அசையல. மீனுகிட்ட சொல்லு."

மீன்களைக் கழற்றிப் படகின் தொட்டியில் விட்டபின்தான் புருஷனைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு நான்கைந்து வீச்சு கழித்துக் குடை ஆழத்தில் எதிலோ சிக்கிக்கொண்டது. பழைய பாலத்தின் மிச்சம் அடியில் கிடந்தது. எத்தனையோ பேருடைய தூண்டில்களை அது விழுங்கியிருந்தது. அவள் கயிற்றில் கட்டிய இரும்பு வளையத்தை நரம்பின் வழியே கீழே இறக்கி, ஆட்டி ஆட்டி இழுத்தாள். விடுபட்டது. ஆனால் மேலே வந்தது ஒரு குடையல்ல. அவளுடையதோடு பின்னிக்கொண்டு இன்னொன்றும் வந்தது.

யாரோ தொலைத்தது. துருக்கூட ஏறவில்லை. அதன் ரப்பர் மீன்களுக்குச் செவுள் இருக்கிற இடத்தில், யாரோ பொறுமையாக உட்கார்ந்து பவளச் சிவப்பில் பூசியிருந்தார்கள். வெர்லீன் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். லடோனாவின் கல்யாணத்துக்காகக் கடை கடையாக ஏறித் தேடி வாங்கிய நகப்பூச்சு.

"ஹோலிஸ்."

"ம்."

"இங்க திரும்பு."

அவன் வானத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "மழ வரும்போலருக்கு."

"என் நகப்பூச்சு ஏரிக்கு அடியில எப்பிடிய்யா போச்சு?"

ஹோலிஸ் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "செவுள் செவப்பா இருந்தா நல்லா அடிக்கும்னு சொன்னாங்க."

"எத்தன நாளா நடக்குது?"

"புதன்கெழமை வேல சீக்கிரம் முடிஞ்சா... எப்பவாச்சும்."

"சங்கத்துல மீனுக்கு நியாயம்னு பேசினியே. அது இதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

புழுக் கோலைக் கீழே வைத்துவிட்டு, "முன்னாடியும் வீசினேன், பின்னாடியும் வீசினேன்" என்றான்.

வெர்லீன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. பக்கத்துத் தூணருகே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சிரித்து ஓய்ந்ததும் அவளுக்குள் வேறு ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. அவன் ஊரை ஏய்த்ததைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"என்னய விட்டுட்டா வந்த?" என்றாள்.

ஹோலிஸ் தன் கையுறையில் கொக்கி கிழித்த ஓட்டையை நோண்டினான். "அன்னிக்கு உன்கிட்ட அவ்ளோ கிண்டல் பண்ணிட்டேன். அப்புறம் உன் முன்னாடியே அத எடுத்து எப்பிடி வீசறது? வெக்கமா இருந்துச்சு வெர்லீ."

"கல்யாணமாகி இவ்ளோ நாள் கழிச்சா வெக்கம்?"

"உன்கிட்ட மட்டும்தான்."

வீசி வீசி அவளுடைய வலதுதோள் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. கோலை அவனிடம் நீட்டினாள். "இந்தா. தோளு போச்சு. நீ வீசு."

"எனக்கு அவ்வளவா வராது."

"வீசுய்யா."

ஹோலிஸ் வாங்கினான். இடுப்பை லேசாகத் திருப்பி ஓர் ஆட்டு ஆட்டினான். குடை சத்தமே இல்லாமல் பறந்து இரண்டு தூண்களுக்கும் நட்டநடுவில் போய் விழுந்தது.

"அடப்பாவி!" என்றாள் வெர்லீன்.

அதற்கப்புறம் இருவரும் மாறி மாறி வீசினார்கள். இன்னும் இரண்டு கிடைத்தன, தொட்டியில் ஐந்தாயிற்று. கடைசியாக ஒரு பெரியது படகு ஓரம்வரை வந்து, கொக்கியை நிமிர்த்திவிட்டுப் போயிற்று. அதன் வாலை இரண்டு பேருமே பார்த்தார்கள். இருவரும் சொன்ன வார்த்தை சர்ச்சில் சொல்லக்கூடியதல்ல.

எடை போடும் கொட்டகையில் மிளகாய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அவர்களைக் கொஞ்சத்தில் முந்திக்கொண்டது. டிட்மோர் தம்பதிக்கு இரண்டாம் பரிசு, புகையில் வாட்டிய முழுப் பன்றித் தொடை. ராய்ஸ் மைக்கோடு வந்தார்.

"வெர்லீன் அக்கா, எதுல அடிச்சீங்கன்னு ஊருக்குச் சொல்லுங்க."

"அவரக் கேளுங்க."

ராய்ஸ் மைக்கை ஹோலிஸின் வாயருகே கொண்டுபோனார். ஹோலிஸ் மனைவியைப் பார்த்தான். அவள் பன்றித் தொடையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு புன்னகைத்தாள். காப்பாற்றுவதாக இல்லை.

"குடையில," என்றான்.

"அக்காதான வீசினாங்க? நீங்க புழுதான அண்ணே?"

"நானும் வீசினேன். இன்னிக்கு மட்டும் இல்ல." காதுவரை சிவந்துபோய், மைக்கைக் கையால் பொத்தினான். கொட்டகை அதிர ஒரு சிரிப்பு எழுந்தது. மேசையைத் தட்டிய பழைய கூட்டாளிகள் சிலர் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் கூட்டத்தில் ஹோலிஸ் எழுந்து, "போன தடவ பேசினத மறந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தடை தோற்றது. பழைய கூட்டாளிகளில் ஒருவர் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்; பிறகு அவர் வீட்டு ஏ.சி. ஜூலையில் நின்றதும் பேச்சு திரும்பி வந்தது.

வெர்லீனின் தோளுக்கு ஓய்வு தேவை என்றார் மருத்துவர். அவள் இடக்கையால் வீசப் பழகினாள். புதன்கிழமைகளில், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஹோலிஸ் படகை மாட்டிக்கொண்டு பேருந்து நிற்கும் கொட்டகைக்கே வந்துவிடுவான். எவ்வளவு கழுவினாலும் அன்று சாயங்காலம் பேருந்தில் மீன் வாடை அடிக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மிஸ் வெர்லீன், நாத்தம்!" என்று கத்துவார்கள்.

"ஜன்னலத் தொறங்கடா," என்பாள் அவள், கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே. "பெருசு ஒண்ணு புடிச்சேன். உக்காருங்க, சொல்றேன்."