தானாக எழும்பாத ஃபயர்வோல்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஸ்டூடியோவின் கணினிகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எடுத்த படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சேர்வரில் இருந்தன. வெளியாட்கள் நுழையாதபடி அதில் ஃபயர்வோல் ஒன்றை அமைத்து, நானே இயக்கிவிட்டிருந்தேன். சேர்வர் அணைந்து மறுபடி எழும்பும்போது ஃபயர்வோலும் தானாக எழும்ப, தொடக்க ஸ்கிரிப்டில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டவன் மறந்தேபோனேன்.

ஒரு சனிக்கிழமை கரண்ட் போய் வந்தது. சேர்வர் எழும்பியது, ஃபயர்வோல் எழும்பவில்லை. திங்கட்கிழமை பார்த்தபோது யாரோ இணையம் வழியாக உள்ளே புகுந்து எல்லாக் கோப்புகளையும் திறக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். நகல்கள் இருந்த பேக்கப் டிஸ்க்கையும் அதே சேர்வரில்தான் மாட்டிவைத்திருந்தேன்; அதுவும் பூட்டப்பட்டிருந்தது. அன்றே அந்த வரியைச் சேர்த்தேன். காப்பாற்றத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வாரம் ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் பாஸ்போர்ட்டுக்காக எங்களிடம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார். மகன் இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

"வேற படம் இல்லீங்களாம்மா?" என்றேன்.

"போனு, ஐடி எல்லாம் அவனோடயே ஆத்துல போயிருச்சு தம்பி."

"மெஷின் பழுது, பொறகு வாங்க," என்று முதலாளி சொல்லி அனுப்பினார். அந்த அம்மா மறுபடியும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது நானே உண்மையைச் சொன்னேன்.

"பூட்டுனவங்ககிட்ட கேட்டா தருவாங்களா தம்பி?"

"அவங்க யாருன்னே தெரியாதும்மா."

என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பிறகு பஸ்ஸுக்குப் போனார்.