பந்திக் கதவும் லில்லி மேடமும்

கட்டிடம் சோதிக்கப் போறவனுக்கு எல்லா வாசல்லயும் சாயா கிடைக்கும், ஒரு வாசல்லயும் நல்ல பேரு கிடைக்காது. நீங்களும் இதே பிழைப்புன்னா, டேப்பும் கையுமா நாம இறங்கினதும் வீட்டுக்காரர் முகம் போற போக்கைப் பார்த்திருப்பீங்க. நாகர்கோவில்ல கட்டிட ஆய்வாளரா பதினாறு வருஷம் குப்பை கொட்டிட்டேன். அந்த முகம் மட்டும் மாறவே இல்ல.

கண்ணை மூடிக்கிட்டு ஒரு நடை

கூட வேலை பார்க்கிற லில்லி மேடத்துக்கும் என் அளவு சர்வீஸ்தான், என் அளவு சம்பளந்தான். ஆனா அவங்க வேலை வேற ரகம். வரைபடத்தைப் பார்த்து, நீளம் அகலம் எல்லாம் அளந்து முடிச்சதும் நான் சாயாவுக்கு உட்கார்ந்திருவேன். அவங்க கடைசி அறைக்குப் போய் ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்குவாங்க. ஒரு கையைச் சுவர்ல வச்சுத் தடவிக்கிட்டே வெளிய வரணும். இடையில கை எதுலயாவது இடிச்சா கையெழுத்து கிடையாது. ஆரம்பத்துல நான் நல்லாச் சிரிச்சிருக்கேன், ஒத்துக்கிடுதேன்.

மஸ்கட்ல இருந்து வந்த ஒருத்தர் புது வீடு கட்டியிருந்தார். பின்வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல விடவேண்டிய இடத்துல ஷீட்டைப் போட்டு ஸ்டோர் ரூம் ஆக்கிட்டார். மேடம் கண்ணை மூடி நடந்தாங்க, நேரா வாஷிங் மெஷின்ல போய் இடிச்சாங்க. "புகை வந்தா ஒண்ணும் தெரியாதுல்லா, அப்போ பிள்ளைங்க எப்படி வெளிய வரும்?"னு கேட்டாங்க. வீட்டுக்காரரு பெஞ்சாதிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துது. "மேடம், இந்த வீட்டுல எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியுமாக்கும். ஒருத்தர்கூட கண்ணாடி போடல்ல."

உள்ள ரெண்டு தடியன்

நம்ம ஊர்க் கல்யாணம் உங்களுக்குத் தெரியும். தாலி கட்டின மறுநிமிஷம் கூட்டம் பொண்ணையும் பார்க்காது, மாப்பிள்ளையையும் பார்க்காது, பந்திக் கதவைத்தான் பார்க்கும். ஒரு பந்தி சாப்பிட்டு எழும்புற வரைக்கும் கதவைச் சாத்தி, உள்பக்கம் கொண்டி போட்டு, ரெண்டு தடியனுங்க முதுகைக் கொடுத்து நிப்பானுங்க. அடுத்த பந்திக்காரங்க வெளிய நின்னு தள்ளுவாங்க.

ஒரு மண்டபத்துக்கு அந்தச் சனிக்கிழமையோட லைசென்ஸ் முடியுது, புதுப்பிக்கணும். அந்தப் பந்திக் கதவைப் பார்த்ததும் மேடம் நின்னுட்டாங்க. கதவு உள்பக்கமாத் திறக்கிறது. உள்ள ஏதாவது ஒண்ணு நடந்து, சாப்பிடுறவங்க பயந்து ஓடி வந்து கதவுமேல விழுந்தா, அதை யாராலயும் இழுத்துத் திறக்க முடியாது. "கதவை மாத்தாம கையெழுத்து இல்ல"ன்னுட்டாங்க. ஆனா அடுத்த ஞாயிறு அங்க ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா சுயம்பு, கொத்தனார். ஊரெல்லாம் கல்யாண லெட்டர் கொடுத்து முடிச்ச மனுஷன். ஆபீஸுக்கு வந்து, "மண்டபம் இல்லன்னா நான் எங்க போவேன் மேடம்?"னு கண்ணு கலங்கி நின்னார். எனக்கு மேடம்மேல அப்படி ஒரு ஆத்திரம். கையெழுத்தைப் போட்டா என்ன, எத்தனை வருஷமா நடக்குது!

மண்டபக்காரர் தாணு அண்ணாச்சி சொன்னதுலயும் நியாயம் இருந்துது. வெளிப்பக்கமாத் திறந்தா, நெருக்கி நிக்கிற கூட்டத்துமேல கதவு இடிக்கும், திறக்கவே விடமாட்டாங்க. அதை மேடம் நேர்லயே பார்க்கப் போனாங்க. மறுநாள் அங்க நடந்த வேறொரு கல்யாணத்துல, பந்திக் கூட்டத்துல போய் நின்னு நசுங்கி, சேலை கசங்கி வந்தாங்க. வந்ததும் சொன்னாங்க: "கொண்டியக் கழத்துங்க. கதவை வெளிப்பக்கமாத் திருப்பி மாட்டுங்க. உள்ள நிக்கிற ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திக் கயிறு பிடிக்கச் சொல்லுங்க. கதவு திறக்கிற அளவுக்கு இடம் விட்டாப் போதும்."

அட, இவ்வளவுதானா! ஆசாரியைக் கூட்டிக்கிட்டு சுயம்பே நிலையை இடிச்சு, ரெண்டே நாள்ல மாட்டி முடிச்சார். மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசல்ல, கல்யாண லெட்டரும் கொடுக்கல்ல. தாணு அண்ணாச்சி மட்டும் புதுக் கதவைத் திறந்து திறந்து பார்த்துட்டுச் சொன்னார்: "கதவைத் திருப்பிட்டிய மேடம். பசிச்சவனை யாரு திருப்புவா?"

பருப்புக் கை

எனக்கு லெட்டர் கிடைச்சுது, ஞாயித்துக்கிழமை முதல் பந்தியிலயே இடமும் கிடைச்சுது. பருப்பும் நெய்யும் விழுந்து அப்பளத்தை நொறுக்கிட்டேன். அப்போ அடுக்களையில அப்பளம் பொரிக்கிற எண்ணெய் தீப்பிடிச்சுது. கரண்ட் போச்சு. கரும்புகை குபுகுபுன்னு உள்ள வந்துது, பக்கத்து இலைக்காரர் முகம் தெரியல்ல. பிள்ளைங்க கூப்பாடு போடுது. என் வாயில தானா வந்துது: "சுவரைப் பிடிச்சிட்டு நடங்க! சுவரை விடாதீங்க!" கண்ணை மூடிக்கிட்டு சுவர்ல கையை வச்சேன். பின்னால எல்லாரும் வச்சாங்க. வெளிய நின்ன ரெண்டு தடியனுங்களும் கயித்தைத் தூக்கிப் போட்டுட்டுக் கூட்டத்தைப் பின்னால தள்ளினாங்க. முதல்ல போனவங்க சாய்ஞ்சதும் கதவு தானே திறந்துது. இருமல் தவிர ஒருத்தருக்கும் ஒரு காயம் இல்ல.

மறுநாள் காலையில சுயம்பு தூக்குவாளி நிறையப் பாயசத்தோட ஆபீஸ்ல நின்னார். லில்லி மேடம் இருக்கையை இழுத்துப் போட்டாங்க. அவர் உட்காரல்ல. "சுவரு பூரா பருப்புக் கையாக் கிடக்கு மேடம், கடைசி இலையில இருந்து கதவு வரைக்கும். அண்ணாச்சி வெள்ளையடிக்கச் சொல்லுதாரு. ஒரு கை சின்னதா இருக்கு, என் ரெண்டாவது மகளுக்க கையாக்கும். வேற ஆளைப் பாருங்க, நான் அடிக்க மாட்டேன்னுட்டேன்."

இப்போ எந்தப் பந்தியில உட்கார்ந்தாலும் நான் முதல்ல கதவு எந்தப் பக்கம் திறக்குன்னு பார்க்கிறேன், இலையில அவியல் விழுந்துதான்னு அப்புறம்தான் பார்க்கிறேன்.