இடப்பக்கத்து நெல்

பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரிந்த அந்தப் புகையின் வாசம் காலையில் எங்கள் குசினிக்குள் நுழைந்து, அம்மா அவிக்கும் புட்டின் வாசத்தோடு கலந்துவிடும். அம்மா மூக்கைச் சுளிப்பா, எனக்கோ அந்த வாசம் வந்த பிறகுதான் பொழுது விடிந்தது போலிருக்கும். சின்ன வயதில் கண்ட காய்ச்சலில் இடக்கால் சூம்பிப்போன அப்பாவுக்கு, இரண்டு மைல் தள்ளிக் கிடந்த எங்கள் வயலுக்கு நடந்துபோவதும் முடியாது, சைக்கிள் மிதித்துப் போவதும் முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்த தோட்டத் துண்டை விற்றுவிட்டு, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள் நாங்கள். அரசாங்கக் காணி பெற்றவன் தானே நின்று கமம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொருவருக்குப் போய்விடும் என்பது அங்கே சட்டம். ஆகவே கொழும்பில் யாரோ ஓடிக் களைத்து விற்ற, பெடலும் சின்ன இயந்திரமும் சேர்ந்த அந்த "இஞ்சின் சைக்கிள்"தான் அப்பாவுக்குக் கால், எங்களுக்குச் சோறு.

அதைச் சைக்கிள் என்றே அப்பா நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். ஒருநாள் சந்தியில் மறித்த கொன்ஸ்தாபிளுக்கும் பெடலைச் சுற்றிக் காட்டி, "ஐயா, இது சைக்கிள்தானே" என்றிருக்கிறார். அவர் குனிந்து, சூடாகப் படபடத்துக்கொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டி, "அப்ப இதென்ன, சோறு சமைக்கிற அடுப்போ?" என்று கேட்டாராம். இஞ்சின் இருந்தால் அது மோட்டார் சைக்கிள். முன்னும் பின்னும் நம்பர் வேண்டும், வரி கட்டவேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஹோர்ன் வேண்டும், விளக்கு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஓடுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொன்றாக அப்பா தேடிச் சேர்த்தார். ஹோர்ன் வந்த அன்று நாங்கள் பிள்ளைகள் அடித்த அடியில் பக்கத்து வளவு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

லைசென்ஸ் இல்லாமல் ஓடக்கூடாது என்பதால், லைசென்ஸ் எடுப்பதற்கு அந்த வாகனத்தை அயலவரின் மாட்டு வண்டிலில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுகச் சனம் சிரித்தது. அடம்பிடித்து நானும் கூடப் போயிருந்தேன். சோதனை செய்ய வந்த ஐயா வெள்ளைக் காற்சட்டையோடு மரநிழலில் நின்று, "இடப்பக்கத்தாலை அந்த வளைவுக்குப் போய்த் திரும்பி வாரும்" என்றார். அது மாசி மாதம், காலபோக அறுவடை நேரம். றோட்டின் இடப்பக்கம் முழுக்க யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சுற்றி வலப்பக்கத்தால் போய், வலப்பக்கத்தாலேயே வந்து நின்றார்.

"இடப்பக்கம் எண்டெல்லோ சொன்னனான்?"

"ஐயா, நெல்லுக் கிடக்குது."

"றோட்டிலை நெல்லுக் காயப்போட ஒருத்தருக்கும் உரிமையில்லை. சட்டப்படி அங்கை நெல்லு இல்லை."

"எனக்குக் கண் தெரியுது ஐயா" என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது கதை. மறுபடியும் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. அப்பா தடியூன்றி வயலுக்கென்று வெளிக்கிட்டு, மத்தியானத்தில் பாதிவழியில் களைத்துக் குந்திவிடுவார். அம்மா வாசல் படலைக்கும் கிணற்றுக்கும் நடப்பா. நான் தேவையில்லாமல் தம்பியை அடிப்பேன். சிறுபோக விதைப்புக்கு வாய்க்காலில் தண்ணீர் விடும்போது வயலில் ஆளைக் காணவேண்டும் என்று குடியேற்ற அதிகாரி வந்து, கதிரையில்கூட இருக்காமல், சொல்லிவிட்டுப் போனார். அப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோ ஒருவரின் நெல்லுக்காக எங்கள் காணியை விடப்போகிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவரைத்தான் கேள்" என்றா அம்மா. கேட்கத் துணிவில்லை.

இரண்டாம் முறையும் அதே வண்டில், அதே றோட்டு. இடப்பக்கத்தில் அதே போல நெல். அதன் ஓரத்தில் ஒரு பெண் தடியோடு குந்தியிருந்து ஆடு கலைத்துக்கொண்டிருந்தா. அப்பா வலக்காலால் இரண்டு மிதி மிதித்து இஞ்சினை எழுப்பிப் புறப்பட்டார். நெல்லை நெருங்கியதும் வேகம் குறைந்தது. இயந்திரம் இருமியது, நின்றுவிடும் போலிருந்தது. ஓடுங்கோ அப்பா, ஓடுங்கோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் எழுந்துவிட்டா. ஏசப்போகிறா என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, நிக்காதேங்கோ, போங்கோ. போனமுறையும் பாத்தனான். நான் கூட்டி அள்ளுவன், நீங்கள் போங்கோ."

அப்பா போனார். போய், திரும்பி வந்து, ஐயா தலையாட்டியதும், வண்டிலுக்கு வராமல் நொண்டிக்கொண்டு அந்த நெல்லடிக்குப் போனார். சூம்பிய காலை நீட்டிக் குந்தி, சில்லுத் தடத்தில் தெறித்த மணிகளைக் கையால் வழித்துச் சேர்த்தார். "விடுங்கோ அண்ணை" என்று அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. எனக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அப்பா வயலில் நின்றார். காணி எங்களிடம் நின்றது. அந்த வயல் நெல்லில்தான் நாங்கள் வளர்ந்தோம், படித்தோம். ஆனாலும் லைசென்ஸ் எடுத்த கதையை அவர் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "நெல்லுக்கு மேலாலை ஓடி வாங்கினது" என்று சொல்லி வேறு கதைக்குப் போய்விடுவார்.

அப்பா இப்போது இல்லை. இஞ்சின் சைக்கிள் யுத்தகால இடப்பெயர்வில் எந்தப் பற்றைக்குள் போனதோ தெரியாது. போன அறுவடைக்கு வாடகை வானில் அந்தப் பக்கம் போனேன். றோட்டு அகலமாகக் கிடந்தது. அதில் இடப்பக்கப் பாதியில் வழமைபோல நெல் காய்ந்தது. வான் வேகம் குறையாமல் அதற்கு மேலாலேயே போனது. "தம்பி, கொஞ்சம் வலப்பக்கமா எடுங்கோ" என்றேன். "இதுதானே அம்மா எங்கடை பக்கம்" என்றான் சாரதிப் பெடியன், மரியாதையாகத்தான். சட்டம் அவன் சொன்னதுதான். ஏசவோ, எழுந்து நின்று போகச்சொல்லவோ அங்கே ஒரு மனிதரும் இருக்கவில்லை. அப்பாவைச் சாகும்வரை வெட்கப்படவைத்த காரியத்தை நாங்கள் அரை நிமிடத்தில் செய்து முடித்துவிட்டு, பரந்தனில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம்.