விலாப்பக்கத்து உள் பை

நான் உள் பை தைத்துக் கொடுத்த உடுப்பு ஒன்று கம்யூனிஸ்ட் நாட்டு விமானி ஒருவரின் உடம்பில் ஏறி எல்லை தாண்டிப் போயிருக்கிறது. இதை நான் வெளியில் அதிகம் சொன்னதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுத்துகூட கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த வகுப்பில் கற்றதுதான்.

பர்மாவில் எண்பத்தெட்டாம் வருஷத்துக் கலவரமெல்லாம் அடங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. யாங்கோனின் பசுந்தாங் பகுதியில், ஓடைப் பக்கமாக இறங்குகிற தெருவில் இருந்த ஒரு தையற்கடையில் வேலை செய்தேன். கடை முதலாளி கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அளவெடுப்பதும் வாடிக்கையாளரோடு பேசுவதும் அவர் வேலை. வெட்டுவதும் தைப்பதும் என் வேலை. என் மிஷின் சுவரைப் பார்த்திருக்கும். அப்படிப் போடச் சொன்னதே நான்தான்.

மிங்கலாடோன் விமானப்படை முகாமிலிருந்து எங்களுக்கு வேலை வரும். சிப்பாய்களும் ஆபீசர்களும் தங்களுக்கு முகாமில் கொடுத்த உடுப்பை உடம்புக்குச் சரியாக்கிக்கொள்ள எங்களிடம் வருவார்கள். கூடவே இன்னொரு வேலையும் உண்டு. சட்டையின் உள்ளே, வெளியில் தெரியாதபடி ஒரு சின்னப் பை வைக்கச் சொல்வார்கள். மந்திரத் தகடோ விரல் அளவு புத்தர் உருவமோ வைத்துக்கொள்ள. உடுப்பு விதியில் அப்படிப் பை கிடையாது. ஆனால் அது இல்லாமல் சண்டைக்குப் போக யாருக்கும் மனசு வராது.

துணிகள் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றின் உள்பக்கமும் நான் குறிப்பு எழுதுவேன். பர்மியப் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பெயர் எழுதமாட்டேன். ஆளின் உடம்பும் அவர் கேட்ட வேலையும்தான் குறிப்பு. ‘வலத் தோள் இறக்கம்’, ‘கை குட்டை’, ‘உள் பை, புத்தர்’ என்று தமிழில் இருக்கும். நனைந்தால் ஊதா நிறமாகிற மைப் பென்சிலால் எழுதுவேன். எங்கள் தெருத் தையற்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்.

அந்தச் சமயத்தில் விமானப்படைக்கு ஒரு கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து புது விமானங்கள் வந்தன. ஓட்டக் கற்றுக்கொடுக்க அந்த நாட்டு விமானிகள் சிலரும் வந்து முகாமில் தங்கியிருந்தார்கள். ஒரு நாள் அவர்களில் ஐந்து பேரை ஒரு சிப்பாய் கடைக்கு அழைத்து வந்தான். பாய் அளவெடுத்தார். அவர்கள் போட்டிருந்த சட்டைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்.

“அஞ்சு பேருக்கும் ஒரே அளவுல தச்சிருக்கான் பாரு தம்பி. இவங்க ஊர்ல தையக்காரனுக்கு அளவு நாடாவே வேணாம் போல. குடுத்துவச்சவன்.”

நான் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அவர்களில் ஒருவர் அடுத்த வெள்ளிக்கிழமை தனியாக வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. பாய் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரம். கடையில் நான் மட்டும் இருந்தேன். விமானிகள் போடுகிற நீல ஓவரால் இரண்டைப் பலகையில் வைத்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, முன்னால் நீள ஜிப். பர்மியச் சொல் பத்துப் பன்னிரண்டு அவருக்குத் தெரியும். எனக்கும் பேச்சு குறைவு. அதனால் இரண்டு பேருக்கும் கஷ்டமில்லை.

ஒரு போட்டோவை எடுத்து ஓவராலின் இடது மார்பில் உள்பக்கமாக வைத்துக் காட்டினார். பை வேண்டும். போட்டோவில் ஒரு பெண்ணும் ஏழெட்டு வயதுச் சிறுமியும் ஒரு கட்டடத்தின் முன் நின்றிருந்தார்கள். கட்டடத்தின் மேல் இருந்த எழுத்து அவர் சட்டைப் பட்டையில் இருந்த எழுத்து மாதிரி இல்லை. வேறு நாட்டு எழுத்து. மனைவி, மகள் என்று பர்மியத்தில் சொன்னார். பிறகு கட்டைவிரலால் கிழக்கே காட்டினார். அவ்வளவுதான்.

ஒரு ஓவராலில் இடது மார்பில் பையை வைத்து, பழக்கப்படி அதன் அடியில் ‘உள் பை, படம்’ என்று எழுதித் தைத்து வைத்தேன். மறு வெள்ளிக்கிழமை வந்து போட்டுப் பார்த்தார். நின்று பார்க்கவில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டினார். என் அளவு நாடாவை வாங்கி இரண்டு தோளிலிருந்தும் கீழே இழுத்துப் பிடித்தார். விமான ஆசனத்தின் பட்டை அது. பட்டை சரியாகப் பையின்மேல் விழுந்தது. அவர் உள்ளே வைத்திருந்த போட்டோ மொரமொரவென்றது. இந்த இடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துத் தன் வலது விலாவில், அக்குளுக்குக் கீழே வைத்தார். அங்கே.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வருஷங்களில் கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து விமானத்தோடு ஓடிப்போய் வேறு நாட்டில் இறங்குகிறவர்களைப் பற்றி ரேடியோவில் அவ்வப்போது சொல்வார்கள். பெண்டாட்டி பிள்ளை படத்தை அறையில் வைத்துவிட்டுப் பறக்கலாம். அதை விலா எலும்போடு ஒட்டிவைத்துத்தான் பறக்க வேண்டும் என்றால், அந்த அறைக்குத் திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்று அர்த்தம். அவர் என் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். வாயில் விரலை வைக்கவில்லை, கும்பிடவும் இல்லை. பெட்டியிலிருந்து எழுந்து, ஓவராலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றார்.

அந்தக் காலத்தில் மச்சினன் வந்து ஒரு ராத்திரி தங்கினால்கூட வார்டு ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் காட்டிய விலாப்பக்கத்தில் பை வைக்க இரண்டாவது ஓவராலை எடுத்து மிஷினில் போட்டேன். பை இருக்கும் இடத்தில் துணி மேடுதட்டக் கூடாது. உடுப்பில் முன்பே இருந்த தையல் கோட்டிலேயே என் தையலும் ஓட வேண்டும். கையால் தடவினாலும் தெரியக் கூடாது. இன்றைக்குவரை அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. முதல் ஓவராலின் பையைப் பிரித்து எடுத்தேன். அடியில் எழுதிய குறிப்பைப் பார்த்தேன். நாலு தடவை துவைத்தால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இருபது நாள் கழித்து, சாயங்காலம் வெளிநாட்டுத் தமிழ் வானொலியில் ஒரு சின்னச் செய்தி வந்தது. இன்ன நாட்டு விமானி ஒருவர் யாங்கோனில் பழுது பார்த்த விமானத்தைத் தனியாக ஓட்டிச் சோதிக்கப் போனவர், பக்கத்து நாடான சியாமில் கொண்டுபோய் இறக்கிவிட்டார், மனைவி இருக்கும் நாட்டுக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறார் என்று சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் இருந்த எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பொத்தான் துளை கட்டிக்கொண்டிருந்த என் மனைவி, “என்னங்க, தானா சிரிக்கிறீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு ஆபீசரும் ஒரு சிப்பாயும் கடைக்கு வந்தார்கள். சிப்பாயின் கையில் அந்த முதல் ஓவரால் இருந்தது. ஆபீசர் அதை உள்பக்கம் திருப்பிப் பலகையில் விரித்தார். பையைப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் என் எழுத்து. துவைத்ததில் அது போகவில்லை. தண்ணீர் பட்டுப் பளிச்சென்று ஊதாவாக நின்றது.

“இது கலா எழுத்துதானே?” என்றார். இந்திய வம்சத்தவரான எங்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

பாய் குனிந்து பார்த்தார். ஒரு நொடியில் படித்துவிட்டார், எனக்குத் தெரியும். நிமிர்ந்து, பர்மியத்தில் ஐயா என்பதற்கான ஸயாவைப் போட்டு, “கண்ணாடி வீட்ல இருக்கு ஸயா. எழுத்து தெரியல,” என்றார். கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.

“அப்ப கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு மிங்கலாடோனுக்கு வா. கடை உன் பேர்லதானே இருக்கு? எத்தனை நாள் ஆனாலும் அங்க இருந்து படிச்சுச் சொல்லு.”

பாய்க்கு அப்போது அறுபத்திரண்டு வயது. நெஞ்சுவலி வந்து தேறியவர். அவர் செருப்பைத் தேடினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான்தான் என்று தெரிந்துவிடும் என்று பார்க்கவில்லை. அந்த ஓவராலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பள்ளிவாசலில் இருந்தபோது நடந்தது எல்லாம்.

நான் மிஷினை விட்டு எழுந்தேன். தெருவில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து நின்றிருந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது.

“நான் எழுதினது ஸயா,” என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். “அது என் எழுத்து. முதலாளிக்குத் தெரியாது.”

ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படி.”

“உள் பை, படம்னு எழுதியிருக்கு. பெண்சாதி, மகள் படம் வைக்க ஒரு பை கேட்டார். வச்சேன். இடம் சரியில்லைன்னார். பிரிச்சேன்.”

“ஒளிச்சு வைக்கிற பை. ஏன் வந்து சொல்லல?”

வாயை நம்ப முடியாது என்று கையை நம்பினேன். கம்பியில் தொங்கிய அவர்கள் முகாமின் சட்டைகள் மூன்றை எடுத்தேன். ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பி ஓவராலின் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் உள் பை. மூன்றிலும் அதே மைப் பென்சில் எழுத்து.

“எல்லாருக்கும் வைக்கிறதுதான் ஸயா,” என்றேன். முதல் சட்டையைத் தொட்டேன். “இது, உள் பை, புத்தர். கை குட்டை.” இரண்டாவதைத் தொட்டேன். “உள் பை, தகடு. கழுத்து தடிப்பு.” மூன்றாவதன் தோளில் பெரிய பதவிக்கான பட்டை இருந்தது. நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று அதையும் படித்தேன். “உள் பை, தகடு ரெண்டு. வயிறு பெரிது.”

சிப்பாய் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஆபீசர் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய சட்டை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சட்டையை மட்டும் அவரே எடுத்து மறுபடி வெளிப்பக்கம் திருப்பி மடித்து வைத்தார்.

“நீ வா,” என்றார் என்னிடம். பாயிடம், “நீ செருப்பைக் கழட்டு,” என்றார்.

மிங்கலாடோனில் காலையிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். மூன்று பேர் மாறி மாறி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நான் கடையில் சொன்னதையே சொன்னேன். விமானி பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்ததையும் கட்டைவிரலால் கிழக்கே காட்டியதையும் சொல்லவில்லை. இரண்டாவது ஓவராலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் கையில் இல்லாததால் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் ‘தாயத்துப் பை’ என்று பர்மியத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதன்பின் ஒரு வருஷம் முகாமிலிருந்து எங்கள் கடைக்கு ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. வேலை போனதைப் பற்றிப் பாய் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

பஸ் மாறிப் பாலம் தாண்டித் தாகேதா வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மனைவி வாசலில் நின்றிருந்தாள். அழுத முகம். உள்ளே உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன், விமானியின் கட்டைவிரலையும் சேர்த்து. அவளிடம் மட்டும்தான் அதைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்களா பேசுனீங்க?”

“ஆமா.”

“இருபது பேருக்கு முன்னால?”

“ஆமா.”

“மொஹிங்காக் கடையில நூடுல்ஸுக்கு இன்னொரு கரண்டி மீன்குழம்பு கேக்க என்னைய அனுப்புற ஆளு நீங்க.”

“பாய் செருப்புத் தேடிக்கிட்டிருந்தாரு,” என்றேன். எனக்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அவள் நம்பவில்லை. மறுநாள் தைத்து முடித்த துணிகளைக் கொடுக்கிற சாக்கில் என்னோடு பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். நான் மிஷினில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் நேராகப் பாயிடம் போனாள்.

“நேத்து நடந்ததைச் சொல்லுங்க பாய். இவரு சொன்னதுல எவ்வளவு நெசம்?”

“உக்காரு தங்கச்சி,” என்றார் பாய். டீ வரவழைத்தார். பிறகு ஆபீசர் படியேறி வந்ததிலிருந்து ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல ஆபீசர் உயரமானார், என் குரல் தெருமுனைவரை கேட்டது. வயிறு பெரிது என்று நான் படித்த இடத்தில் அவர் எழுந்து நின்று சட்டையைத் தூக்கிப் பிடித்து நடித்தே காட்டினார். என் மனைவி சிரித்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அந்த எடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.

பாய் மறுபடி ஆரம்பித்தார். அவசரமாக முடிக்க வேண்டிய கால்சட்டை ஒன்று ஊசிக்கு அடியில் இருந்தது. மிதித்தால் மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.