சுயசரிதையில இல்லாத ஒரு சாவு

சூடு ஆறாத செராக்ஸ் பேப்பர் வாசனை... எம்.ஏ. ஹிஸ்டரின்னா எனக்கு முதல்ல அதுதான் ஞாபகம் வரும்.

ஏனாத்தூர் பஸ்ல நானும் கலைச்செல்வியும் ஒரே செட்டை மடியில போட்டுக்கிட்டுப் படிப்போம். ஒரு முகலாய பாதுஷா தன் வாழ்க்கையைத் தானே எழுதினது. சாம்ராஜ்யம் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க இதைவிடப் பெரிய ஆதாரமே இல்லன்னு செமினார்ல நான் அடிச்சுப் பேசினேன்.

கலை விடல.

"மாம்பழத்துக்கு ஒரு பக்கம் எழுதிக்கிறான்டி. ஒரு ஊரையே வெட்டிப் போட்டதுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில எத்தினி பேரு இருந்தாங்களோ..."

அவ அப்பா பிள்ளையார்பாளையத்துல ஒரு பட்டு முதலாளியோட சாயப்பட்டறையில வேலை செஞ்சார். நாங்க ஃபைனல் இயர் எழுதின வருஷம், கால் வழுக்கி, கொதிக்கிற சாயத் தொட்டியில விழுந்துட்டார். மூணு நாள் உயிரோட இருந்தார். அதைப் பத்தி இப்பவும் என்னால எழுத முடியல.

அடுத்த வருஷம் முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம். தாம்பூலப் பையில போட்டுக் குடுக்க அவருக்கு ஒரு சுயசரிதை வேணும். எனக்கு வேலை கிடைக்காத நேரம்... அவர் சொல்லச் சொல்ல எழுதினது நான்தான்.

கலை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"எங்கப்பா பேரை மட்டும் போட்டுடுடி. ஒரு வரி போதும்."

போட்டேன். முதலாளி படிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டினார்.

"வெத்தலை பாக்கோட குடுக்கிற புக்கும்மா இது. இதுல போயி சாவை எழுதிக்கினு வந்துக்கிறியே..."

அந்த வரியை நானே பேனாவால அடிச்சேன். அந்த இடத்துல, 'தெய்வ அருளால் பட்டறையில் ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை'ன்னு எழுதினதும் நான்தான். அதை எழுதச் சொல்லி அவர் கேட்கக்கூட இல்ல.

புக்கைப் படிச்ச நாள்லேர்ந்து கலை என்கூட பேசல. இதைப் படிக்கிற நம்ம எம்.ஏ. பேட்ச்ல பல பேருக்கு எங்க சண்டை தெரியும். காரணம் இதுதான்பா.

இப்ப நான் காலேஜ்ல ப்ராஜெக்ட் கைடு. போன வாரம் ஒரு பொண்ணு காஞ்சிபுரம் பட்டுத் தொழில் பத்தி ப்ராஜெக்ட் கொண்டு வந்தா. சாயப்பட்டறைகள்ல விபத்தே நடந்ததில்லைன்னு எழுதியிருந்தா. ஆதாரம், அந்தப் புக்கு.

அப்போ பாதுஷா சொன்னதை அப்படியே நம்பாதேன்னு சண்டை போட எனக்குக் கலை இருந்தா. இவளுக்கு நான்தான் இருக்கேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து மார்ஜின்ல எழுதினேன்... 'தனபால், சாயத் தொழிலாளி, தொட்டியில் விழுந்து இறந்தார்.'

அந்தப் பொண்ணு பணிவாத்தான் கேட்டா.

"இதுக்கு சோர்ஸ் என்னன்னு போடட்டும் மேடம்?"

சரியான கேள்வி. நான்தான்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல.