நிவாரணம் வாங்க மேடைக்கு வரவும்

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு முன்னால் இரும்புக் கம்பெனி லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். பிள்ளை எங்காவது வழிதவறிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து என் மகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். யாராவது "உன் பேர் என்ன பாப்பா?" என்று கேட்டால் தன் பேர், அப்பா பேர், தெரு, படிக்கிற ஸ்கூல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். அப்போது அவள் யூகேஜி. ஒப்பித்து முடித்ததும் "கரெக்டாமா?" என்பாள். நான் கரெக்ட் என்று சொன்னால்தான் நகர்வாள்.

அதற்கு முன்னால், அவள் பால்குடி மறந்திருந்த சமயம், எனக்கு இரண்டாவது கரு கலைந்து ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் விட்டு விட்டுக் காய்ச்சல். டெஸ்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது, ஏற்றிய ரத்தத்தோடு எச்.ஐ.வி.யும் உடம்புக்குள் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இல்லை, பிள்ளைக்கும் இல்லை. எனக்கு மட்டும்.

எங்கள் தெருவில் அதைப் பேர் சொல்லிப் பேச மாட்டார்கள். 'அந்த நோய்' என்பார்கள். பின்வரிசையில் ஒரு லாரி டிரைவர் குடும்பம் இருந்தது. அவருக்கு அந்த நோய் என்று எப்படியோ கசிந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் பையனை ஸ்கூலில் முதலில் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பிறகு வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என் மகள் படித்ததும் அதே ஸ்கூல்தான். எனக்கு வந்தது வந்துவிட்டது, என் பிள்ளைக்கு அந்த பெஞ்சு வரக்கூடாது. எந்தச் சாமி முன்னால் நின்றாலும் இதைத்தான் கேட்டேன்.

அதனால் நஷ்ட ஈடு கேட்கவே எனக்குப் பயம். என் வீட்டுக்காரர்தான் விடவில்லை. "இது இன்னா நம்ம தப்பா? ஏத்தனவங்கதான் பதில் சொல்லணும். நாளைக்கே உனக்கு ஒண்ணுன்னா பாப்பாவுக்கு இன்னா வச்சிகினு இருக்கோம் நாம?" என்றார். கலெக்டர் ஆபீசில் மனு போட்டோம்.

அலையவிட்டார்கள் பாருங்கள், நாய் படாத பாடு. ஆபீசில் ஆஸ்பத்திரியைக் கேள் என்பார்கள், ஆஸ்பத்திரியில் ஆபீசைக் கேள் என்பார்கள். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "வேற எங்கயாச்சும் பழக்கம் கிழக்கம் இல்லியேம்மா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்திலேயே புருஷன் உட்கார்ந்திருக்கிறார்! செருப்பு வரைக்கும் போன கையை அடக்கிக்கொண்டு இல்லை சார் என்றேன்.

அப்புறம் ஒருநாள் விசாரணை என்று ஜீப் வந்தது. நட்டநடுப் பகலில், நெற்றியில் அரசாங்க எழுத்தோடு, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. வந்த ஆபீசர் நல்ல மாதிரி மனுஷன்தான். "பயப்படாதீங்கம்மா, எல்லாம் ரகசியம். உங்க ஃபைல் என் கையத் தாண்டாது" என்றார். அவர் போன பிறகும் எந்த வண்டி வாசலில் நின்றாலும் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பேன்.

பக்கத்து போர்ஷன் அக்கா வந்து கேட்டாள். "இன்னாமே, ஜீப்லாம் வந்துகினு போவுது?"

"எனக்குக் கரு கலஞ்சி சீக்கா இருந்தேன் இல்ல, அதுக்கு ஏதோ ஒதவித் தொகையாம்க்கா" என்றேன்.

நம்பிவிட்டாள். நல்ல மனசு. புருஷன் இறந்து தனியாக இருந்தாள். நான் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போகும்போது என் மகள் அவள் வீட்டில்தான் இருப்பாள், அவள் தட்டிலேயே நாஷ்டா சாப்பிடுவாள்.

கடைசியில் மளிகைக் கடை போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பணம் சாங்ஷன் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை பொன்னேரியில் ஒரு மைதானத்துக்கு வர வேண்டும். கடைக்காரர் காதில் விழாமல், "எல்லார் முன்னாடியுமா சார்?" என்று கேட்டேன்.

"ஆயிரம் பேரு வருவாங்கம்மா. ஆளோட ஆளா வாங்கிகினு போயிடலாம். நேர்ல வந்தாத்தான் செக்."

அன்று சாயங்காலமே அக்கா துள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு விதவைப் பென்ஷன் ஆர்டர், அதே மைதானத்தில். "சேந்தே போலாம்மே" என்றாள். என்ன சொல்லித் தட்டுவது? வீட்டுக்காரருக்கு ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளே வருவதால் பிள்ளையையும் ஸ்கூலுக்கு லீவு போட்டுத் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம்.

பெரிய பந்தல். ஒரு பக்கம் தையல் மெஷின்கள், ஒரு பக்கம் மூன்று சக்கர வண்டிகள். இந்தத் திருவிழாக் கூட்டத்தில் என்னை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று முதலில் தைரியமாகத்தான் இருந்தது. என் மகள் அக்கா மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மைக்கில் ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார். பேர், ஊர், தெரு, எதற்காக உதவி. ஒருத்தர் விடாமல், இன்ன ஊனம், இன்ன நோய் என்று கணீரென்று படித்தார். எழுந்தேன்.

"எங்க போற? உன் பேரு வந்துடப் போவுது, குந்து" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். நானும் உட்கார்ந்தேன். நேரில் வந்தால்தான் செக்.

"அடுத்ததாக, ரத்தம் ஏற்றியதில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான..." என்று ஆரம்பித்து என் பேரைச் சொன்னது மைக். ஊரைச் சொன்னது, தெருவைச் சொன்னது. ஏற்றிய ஆஸ்பத்திரி எது என்று மட்டும் சொல்லவில்லை. நிவாரணம் வாங்க மேடைக்கு வரவும் என்றது.

நான் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல நானும் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த ஜீப் ஆபீசர், ரகசியம் என்று சொன்னவர், வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து என்னைக் கண்டுபிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இங்கதான் இருக்கீங்களா? வாங்கம்மா, ஐயா வெயிட் பண்றாரு!"

அக்கா என்னைப் பார்த்தாள். என் மகளை மடியிலிருந்து இறக்கிக் கீழே நிற்க வைத்தாள். மெதுவாகத்தான் இறக்கினாள். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. பாவி மனுஷங்களா, எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

பிள்ளையை வேறு யாரிடம் விடுவது? கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். தெருவுக்குத் தெரிந்துவிட்டது, வீடு போனால் பொன்னேரிப் பக்கமோ பெரியபாளையம் பக்கமோ வேறு வீடு பார்க்கலாம், ஸ்கூல் பேரை யாரும் சொல்லவில்லையே என்று படியேறும்போது மனசு கணக்குப் போட்டது. செக்கை வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"அட, குட்டிப் பாப்பா!" என்றார் செக் கொடுத்த பெரிய ஐயா. குனிந்து, மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். "உன் பேர் என்ன பாப்பா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தாள். தன் பேர், அப்பா பேர், தெரு, ஸ்கூல் பேர், கிளாஸ், செக்‌ஷன். நான் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல், மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். கூட்டம் கை தட்டியது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கரெக்டாமா?"

"கரெக்டு கண்ணு" என்றேன்.